ராமையாவின் ராச்சியத்தில் தேயிலை இல்லை

ராமையாவுக்குக் கோபம் வந்து கண்டவர் கொழும்பு ஒருகொடவத்தையில் ஒருவருமில்லை. அங்கே கொள்கலன்கள் மலைமலையாய் அடுக்கிக் கிடக்கிற ஒரு யார்டில் அவன் கேட் கிளார்க். லொறி உள்ளே போக ஒரு பாஸ், வெளியே வர ஒரு பாஸ். பாஸைப் பார்ப்பான், கொள்கலன் கதவில் அடித்த சீல் நம்பரைப் பார்ப்பான், சாரதியின் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பான், பிறகுதான் தடுப்புக் கட்டை மேலே எழும்பும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவன்தான். சாரதிமார் திட்டினாலும் சிரித்துக்கொண்டே, "சீல் நம்பர் மாறியிருக்குங்க, போய் மாத்திக்கிட்டு வாங்க" என்பான். அப்படிப்பட்ட மனுஷனுக்கு இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபம் வந்தது பாருங்கள், அதுவும் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டின் மேல்!

இடம், கொட்டாஞ்சேனையில் ஸமீமின் கொமியூனிகேஷன் கடை. முன்னால் வெளிநாட்டுக்குக் கதைக்கிற மூன்று பூத்து, பின்னால் ஆறு கொம்பியூட்டர். கிழமை நாட்களில் பொடியன்கள் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு ஆடுவார்கள். ஞாயிறானால் ஜிந்துப்பிட்டியில் தன் அறையிலிருந்து நடந்து வந்து ராமையாவும் ஒரு மூலையில் உட்காருவான். அன்றைக்கு ஸமீம் அவனுக்கு ஒரு புது விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில் செய்தது. உலகப் படம் முழுவதும் முன்னால் விரியும். ஒரு நாட்டைத் தெரிந்துகொண்டால் முந்நூறு வருஷத்துக்கு நீதான் அரசன். வரி போடலாம், படை திரட்டலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம்.

ராமையா முதலில் தேடியது இலங்கையை. சுண்டுவிரல் நகமளவு கிடந்தது. முழுத் தீவும் ஒரே மாகாணம். வருஷம் ஆயிரத்து ஐந்நூறு. அதன் மேல் சுட்டியை வைத்தான். விளைபொருள்: தேயிலை.

"தேயிலையா!" என்று அவன் போட்ட சத்தத்தில் பூத்துக்குள் இருந்த பெண்மணி லண்டனில் இருந்த மகனிடம், "ஒண்டுமில்லையடா, இஞ்ச ஆரோ கத்துகினம்" என்று சமாதானம் சொன்னாள்.

"என்ட வாப்பாவே! என்னடா நடந்த?" என்று ஸமீம் ஓடி வந்தான்.

"நானா, எங்க பாட்டன் பூட்டன இன்னும் கப்பல்லயே ஏத்தல. அதுக்குள்ள எவன் வந்து கொழுந்து எடுத்தது?" என்றான் ராமையா. ஸமீம் அவனுக்கு நானா, அண்ணன் முறை.

கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன் ராமையா. அவன் அம்மா ஆறாயி முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். தேயிலை எப்போது வந்தது, யார் தலையில் ஏறி வந்தது என்பதெல்லாம் அவனுக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயிரத்து ஐந்நூறில் தேயிலை என்றால், அவன் வம்சத்தின் கஷ்டம் முழுவதும் வெறும் பொய்யென்று சொன்ன மாதிரி. அவனால் பொறுக்க முடியவில்லை.

விளையாட்டின் உள்ளே இருந்த கோப்புகளைத் திறந்து எழுத்தை மாற்றினால் விளையாட்டும் மாறும் என்று ஸமீம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். தேயிலையை அழித்துவிட்டுக் கறுவா என்று போட்டான் ராமையா. அத்தோடு எழும்பிப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷன் தீவை ஒன்பதாகப் பிரித்தான். யாழ்ப்பாணம், வன்னி, கோட்டை, கண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஸமீம் ஒரு தரம் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தான். "டேய், இந்தச் சண்டக் காலத்துல இந்த மெப்ப மட்டும் ப்ரின்ட் எடுத்துடாத. பொலிஸ்காரன் ஒன்னயும் அள்ளிக்கொண்டு போவான், என்னயும் அள்ளிக்கொண்டு போவான்" என்றான்.

ராமையா அதையெல்லாம் காதில் வாங்கினால்தானே. வேலை முடிந்து வந்து, ஞாயிறுகளில் வந்து, நூலகத்தில் இரவல் எடுத்த சரித்திரப் புத்தகங்களை மடியில் விரித்து வைத்து, ஒரு வருஷம் குரங்குப் பிடியாய் அதைப் பிடித்துக்கொண்டான். கண்டிக்குள் என்ன மழை பெய்யும், எந்தக் கணவாயில் யானை ஏறாது, எல்லாம் உள்ளே போயிற்று. உண்மை ஒரு குன்றிமணிகூடக் குறையக்கூடாது என்பது அவன் பிடிவாதம்.

முதல் பரீட்சையில் போர்த்துக்கேயப் பறங்கியர் கரையிறங்கவே இல்லை. எப்படி இறங்குவார்கள்? கேட் கிளார்க் கட்டிய துறைமுகமல்லவா! கப்பல் வந்தால் நங்கூரம் போட்டு, முறைக்குக் காத்திருந்து, பத்திரம் காட்டி, சரக்கு எண்ணி முடித்த பிறகுதான் ஆள் இறங்கலாம். ஆயிரத்து ஐந்நூற்று ஐந்தில் வந்த பறங்கிக் கப்பல் நாற்பது வருஷமாகக் கொழும்புக்கு வெளியே கடலில் ஆடிக்கொண்டு நின்றது.

"பறங்கி இன்னும் கப்பல்லயா ஈக்கான்?" என்று ஸமீம் எட்டிப் பார்த்தான். "பாவம்டா, ஒரு வாய் தண்ணியாவது குடு."

அதைத் திருத்தினான். இரண்டாவது பரீட்சை அதைவிட மோசம். கண்டி அரசன் மலைக் கணவாய்களில் கடவத்தை என்று காவல் வாசல் வைத்திருந்தான், முட்கதவு போட்டு அனுமதி இல்லாதவனைத் திருப்பி அனுப்பினான் என்று புத்தகத்தில் இருந்தது. ராமையாவுக்குத் தேன் குடித்த மாதிரி. தீவெங்கும் வாசல் போட்டான். ஆடுகிறவனுடைய படையும் வண்டியும் தூதனும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அனுமதி வாங்கித்தான் போக வேண்டும்.

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் வேலை செய்கிற முத்துலிங்கம் ஆடிப் பார்க்க உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம். கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினான்.

"அண்ணை, இது என்ன கோதாரி? வெள்ளவத்தையில பஸ் ஏற முந்தி ஐடி, பம்பலப்பிட்டியில இறக்கி ஐடி, கொட்டாஞ்சேனையில வந்து இறங்க ஐடி. இஞ்ச அரசனா இருந்தும் ஐடியோ?"

சண்டைக் காலத்துக் கொழும்பில் தமிழனுக்குப் பத்தடிக்கு ஒரு அடையாள அட்டைச் சோதனை. கடை முழுவதும் கொல்லென்று சிரித்தது. ராமையாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஆனா அதுதானே உண்மை, தம்பி" என்றான்.

"டேய், ஒன்ட உண்மைய எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போ" என்றான் ஸமீம். "ரோட்டுல அது சும்மா கெடைக்கிது. இங்க வாரவன் கொஞ்ச நேரம் மறந்து ஈக்கத்தான் வாரான்."

சரி போ என்று வாசலையெல்லாம் கழற்றினான். அடுத்த ஞாயிறு முத்துலிங்கம் யாழ்ப்பாணத்து அரசனாக உட்கார்ந்து, ஒன்றரை மணித்தியாலத்தில் யானைப்படையோடு லிஸ்பனில் போய் இறங்கினான். கடை அதிர்ந்தது. கொத்துரொட்டிக் கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்து பார்த்தார்கள். முத்துலிங்கத்தை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். ராமையா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "அத்தனை யானைக்கும் கப்பல்ல தண்ணி யாரு வச்சது? அது எப்பிடிங்க ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்க ஆளில்லை. அடுத்த நாளே எல்லாருக்கும் அலுத்துவிட்டது. லிஸ்பனைப் பிடித்த பிறகு பிடிக்க என்ன இருக்கிறது? பொடியன்கள் பழையபடி சுடப் போய்விட்டார்கள்.

வாசல் இருந்தால் ஆடுகிறார்கள் இல்லை, வாசல் இல்லாவிட்டால் அது இலங்கையே இல்லை. ராமையா இந்த இரண்டுக்கும் நடுவில் மத்தளம் மாதிரி அடிபட்டான். அப்போதுதான் ஸமீம் கட்டன்ரைட்டாகச் சொன்னான்: "வார போயா லீவுக்கு ஒன்ட ராச்சியத்த ஆறு மெஷின்லயும் போடுறன். ஒரே ஒரு ஆள் அத முடிவு வரைக்கும் ஆடினாச் சரி, அது இங்க ஈக்கும். ஒருத்தரும் முடிக்கல்லண்டா அழிச்சுப் போடுவன். கோவிக்காத."

ஒரே ஒரு ஆள். ராமையாவுக்கு அதுக்கு மேல் ஆசையுமில்லை. தான் கட்டியதை ஒரு சீவன் கடைசிவரை இருந்து பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெற்றவனுக்குத்தானே தெரியும் பிள்ளையின் அருமை.

கடையில் ஒருத்தி இருந்தாள். பூத்துகளைக் கவனிக்கிற சிவமணி, பருத்தித்துறைக்காரி. முப்பது வயதிருக்கும். முத்துலிங்கத்துக்கு ராமையா அண்ணை, ஸமீமுக்கு டேய். சிவமணி மட்டும் எந்த உறவு முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்து, "உங்களுக்குத்தான்" என்பாள். அதற்கே ராமையாவுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வாசல்கள் இன்னும் கழற்றப்படாத நாளில் ஒரு தரம் அவள் திரையைப் பார்த்து, "உந்த வாசலில நிக்கிறது ஆர்?" என்று கேட்டாள். யாருமில்லை, வெறும் எண்ணிக்கைதான் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிரவே வாசலில் நிற்கிறவர்களுக்கு ஆளாளாய் உயிர் கொடுத்தான்: உப்பு வண்டிக்காரன், பாக்கு வியாபாரி, பிள்ளைத்தாச்சி, கலியாணத்துக்குப் போகிற கூட்டம், ஊர் விட்டு ஓடி வருகிறவர்கள். நடுவில் எங்காவது ஒரு பறங்கி ஒற்றன்.

பௌர்ணமி விடுமுறையான அந்தப் போயாவுக்கு ஒரு கிழமை முன்னால், யார்டில் நிலாம் என்ற லொறிக்காரனை அவன் மூன்றாவது தரமும் திருப்பி அனுப்பினான். நிலாம் இறங்கி வந்து, யன்னலுக்குள் தலையை விட்டு அவனைப் பார்த்தான்.

"பூனைக்கு வெளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது. ஒனக்கு வெளங்குதா ராமையா? என்ட பாஸக் கையில வெச்சிக்கொண்டு ஈக்கிற நேரம், ஒன்ட மூஞ்சில வார சந்தோஷம் பெருநாளைக்கும் வாரல்ல!"

ராமையா கையில் இருந்த பாஸைப் பார்த்தான். நிலாமைப் பார்த்தான். "நானா, நீங்க தெய்வம்!" என்று கத்தி, சீல் நம்பரைக்கூடப் பார்க்காமல் கட்டையைத் தூக்கிவிட்டான். யார்டின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. நிலாம் பயந்துபோய், இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறதென்று அரை நிமிஷம் லொறியை எடுக்காமலே நின்றான்.

விஷயம் இவ்வளவுதான். வாசலில் காத்து நிற்பது யாருக்கும் பிடிக்காது. வாசலைக் காக்கிறது யாருக்குத்தான் பிடிக்காது? ராமையா வாசல்களைத் திரும்பப் போட்டான். ஆனால் இந்த முறை ஆடுகிறவன் கண்டி அரசனின் காவல்காரன். வருகிறவனை மறித்துக் கேள்வி கேட்கலாம், விடலாம், திருப்பலாம். விளையாட்டுக்குத் தமிழ் எழுத்து வராது. ஆகையால் ஆங்கில எழுத்திலேயே கேள்விகளைத் தமிழில் அடித்து வைத்தான்: பெயர் என்ன? எங்கே இருந்து வாராய்? ஏன் வந்தாய்? யார் வீட்டில் தங்குவாய்? எப்ப திரும்பிப் போவாய்? இந்தக் கேள்விகளுக்கு அவன் புத்தகம் பார்க்கவில்லை.

போயா அன்று காலை முத்துலிங்கம்தான் முதல். திரையில் ஒரு பறங்கிக் கப்பித்தான், மூன்றடித் தொப்பியோடு கடவத்தையில் வந்து நின்றான். முத்துலிங்கம் கேள்விகளை வாசித்தான். இன்னொரு தரமும் வாசித்தான். பிறகு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடை முழுவதும் கேட்க முழங்கினான்.

"ஆர் வீட்டில தங்குவாய்? சொல்லடா! பொலிஸ் பதிவு எங்க?"

அவ்வளவுதான், கடை வெடித்தது. ஆறு மெஷினிலும் ஆறு பேர், ஒவ்வொருவர் பின்னாலும் எட்டுப் பேர். "ஐடி எங்க?" "கொப்பி சரிவராது, ஒரிஜினல் கொண்டு வா!" "லிஸ்பனோ? லிஸ்பனில எந்தக் கிராம சேவகர் பிரிவு?" "லைன்ல நில்!" வருஷக்கணக்காக வாங்கியதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். சிரித்துச் சிரித்து ஒருத்தனுக்கு விக்கல் எடுத்தது. ஸமீம் கல்லாவில் கவிழ்ந்து கிடந்து கண்ணைத் துடைத்தான்.

அந்த நேரம் பார்த்து, "ஐடி பென்னன்ன", ஐடியைக் காட்டு என்று வாசலில் ஒரு சிங்களக் குரல்.

உண்மையான பொலிஸ். ஒரு சார்ஜனும் இரண்டு பேரும், வழக்கமான சோதனை. அறுபது கைகள் சட்டைப் பைக்குப் போயின. விக்கல்காரன் மட்டும் ஒரு விக்கல் விட்டான். அதைக் கேட்டு யாரோ மூக்கால் சிரித்தான். அடக்க அடக்க அது பற்றிக்கொண்டது. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே முழுக் கடையும் குலுங்கியது. ராமையா தன் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினான். குடி முழுகிப் போச்சு, எல்லாரையும் ஜீப்பில் ஏற்றப் போகிறார்கள்!

"மொக்கத மே ஹினாவென்னே?" என்ன சிரிப்பு என்று சார்ஜன் அதட்டினார்.

ஸமீம் திரையைக் காட்டினான். "பறங்கியாட்ட ஐடி நே, சேர்!" பறங்கியிடம் ஐடி இல்லையாம்!

சார்ஜன் குனிந்து பார்த்தார். தொப்பிக் கப்பித்தான் இன்னும் கடவத்தையில் நின்றுகொண்டிருந்தான். அவர் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. "எஹெனம் யவன்ன எப்பா" என்றார். அப்படியானால் விடாதே! அட்டைகளைப் பார்த்துக் கொடுத்தார். வடக்கிலிருந்து வந்த சிவமணியின் பொலிஸ் பதிவுக் கடதாசியை மட்டும் வழக்கம்போல இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? ஆனால் மத்தியானமாகும்போது ஒரு விஷயம் தெரிந்தது. மறிக்கிற ருசியில் எல்லாரும் எல்லாரையும் மறித்துவிட்டார்கள். உப்பு வண்டியும் வாசலிலேயே நின்றது. கண்டிக்குக் கடலில்லை, உப்பு வெளியே இருந்துதான் வரவேண்டும். உப்பில்லாமல் சனம் கலகம் செய்தது. முத்துலிங்கத்தின் ராச்சியம் எழுபது வருஷத்தில் ஆட்டம் கண்டது. ஆட்டம் கண்டதும் அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கினான். எல்லாரும் அப்படித்தான், தோற்கப் போகிறோம் என்று தெரிந்தவுடன் தொடக்கத்துக்கு ஓடினார்கள். மூன்று மணியாகியும் ஒருவர் முடிவைத் தொடவில்லை. ராமையாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"பூத்தில ஒருத்தரும் இல்லை. நான் ஒருக்கா இருக்கட்டோ?" என்று கேட்டாள் சிவமணி.

உட்கார்ந்தாள். முதல் வேலையாக எல்லா வாசலையும் திறந்துவிட்டாள்.

"ஐயய்யோ, அப்பிடிச் செய்யாதீங்க! ஒற்றன் உள்ள வந்துருவான், ராச்சியம் விழுந்துருங்க!" என்று பதறினான் ராமையா.

"விழுந்தா விழட்டும். எனக்கு வாசலில நிண்டு நிண்டு அலுத்துப் போச்சு. ஒருக்காலாவது எல்லாரையும் உள்ள விட்டுப் பாக்கோணும்."

உப்பு வந்தது, பாக்கு போனது, ஓடி வந்த சனமெல்லாம் உள்ளே வந்து வயல் செய்தது. ஒற்றர்களும் வந்தார்கள். பறங்கிப் படை மலையேறியது. கூட்டம் முழுவதும் "போச்சு, போச்சு!" என்று கத்த, சிவமணி பதறாமல் சனத்தையெல்லாம் நகரத்திலிருந்து காட்டுக்குள் அனுப்பினாள். பறங்கி வந்து வெறும் ஊரைப் பிடித்தான், எரித்தான். தின்ன ஒன்றுமில்லை. மழை பிடித்துக்கொண்டது, அந்த மழை ராமையா போட்டது. பறங்கி இறங்கிப் போனான். சனம் திரும்பி வந்து கூரை வேய்ந்தது.

"எப்பிடியக்கா தெரியும், எப்ப வெளிக்கிடோணும் எண்டு?" என்றான் முத்துலிங்கம்.

"நாங்கள் எத்தினை தரம் வெளிக்கிட்டனாங்கள்! அரிசிச் சட்டியும் ஆக்களும் போதும், வீடு பிறகு கட்டலாம்" என்றாள் அவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

நான்கு தரம் நகரம் விழுந்தது. நான்கு தரமும் அவள் தொடக்கத்துக்கு ஓடவில்லை. ஒவ்வொரு தரமும் கூட்டம் மூச்சைப் பிடித்தது, ஒவ்வொரு தரமும் "வருகினம், வருகினம்!" என்று கைதட்டியது. கடைசி வருஷம் வந்தபோது ஊர் பாதி சாம்பல், கஜானா துடைத்து வைத்த மாதிரி. சனத்தொகை மட்டும் யாருக்கும் வராத எண்ணிக்கை. திரை மெல்ல இருண்டு, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது.

"டேய், இது வெண்டதா தோத்ததா?" என்று ஸமீம் மண்டையைச் சொறிந்தான்.

"முடிஞ்சிருச்சு நானா! முடிச்சிட்டாங்க!" என்று ராமையா துள்ளினான். முப்பத்துநான்கு வயது மனுஷன், கேட் கிளார்க், நட்டநடுக் கடையில் இரண்டு காலாலும் துள்ளினான். கண்ணில் தண்ணீர். அதற்குள் ஆறு கதிரைக்கும் அடிபிடி வந்துவிட்டது. வாசலைத் திறந்து வைத்துக்கொண்டே ஊரும் எரியாமல் காப்பது எப்படி என்று எல்லாருக்கும் பித்துப் பிடித்துவிட்டது.

"இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாள் சிவமணி. முத்துலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவர்கள் ஊரில் பெண்கள் புருஷனைத்தான் அப்படிக் கூப்பிடுவது. அவள் முகம் சிவந்துபோயிற்று, ஆனாலும் விடவில்லை. "உங்கட விளையாட்டில ஒரு பிழை கிடக்கு."

"பிழையா? என்னாங்க?"

"வாசலில நிக்கிறவைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க வழியில்லை. வவுனியாவில நான் கொழும்புக்கு வாற பாஸுக்கு நிண்ட நேரம், ஒரு கடைக்காரர் வரிசையில நிண்ட எல்லாருக்கும் ஊத்தித் தந்தவர். அந்த நாளில எனக்கு மறக்காமக் கிடக்கிறது அது ஒண்டுதான்."

ஸமீம் சட்டென்று ராமையாவைப் பார்த்தான். ஆயிரத்து ஐந்நூறில் தேயிலை என்றதற்குக் கடையையே அலறவைத்தவன் அல்லவா! ராமையா கொட்டகலையை நினைத்தானோ, அம்மாவை நினைத்தானோ, அந்த வரிசையை நினைத்தானோ தெரியாது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கோப்பைத் திறந்தான். விடு, திருப்பு என்று இருந்த இரண்டு பொத்தானுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்றை அடித்தான்: தேத்தண்ணி கொடு.

"சீனி போடுறதாங்க?" என்று திரும்பிக் கேட்டான்.

"ஓம்" என்றாள் சிவமணி. "நல்லா."